கடலடி கேபிளை அறுத்தா கேஸ் எங்க நடக்கும்?

போன எபிசோடுல கடலடி கேபிள் பத்திப் பேசினதும் நிறைய பேர் கேட்டது: "கப்பல் ஒண்ணு அதை அறுத்துட்டா, யார் பிடிப்பாங்க?"

பிடிக்கிறது பெரிய கஷ்டம் இல்லைங்க. 2024 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பின்லாந்தையும் எஸ்டோனியாவையும் இணைக்கிற எஸ்ட்லிங்க் 2 மின் கேபிள் அறுந்தது, கூடவே நாலு தகவல்தொடர்பு கேபிளும். ரஷ்யாவுலேர்ந்து வந்த ஈகிள் எஸ் எண்ணெய்க் கப்பல், நங்கூரத்தைக் கடலடியில கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் இழுத்துட்டே போயிருக்கு. பின்லாந்து அந்தக் கப்பலைத் தன் கடலெல்லைக்குள்ள வரவெச்சு, ஹெலிகாப்டர்ல ஆள் இறக்கிப் பிடிச்சது. அடுத்த மாசமே நேட்டோ 'பால்டிக் சென்ட்ரி'ன்னு ரோந்தை ஆரம்பிச்சது: போர்க்கப்பல், விமானம், ட்ரோன் எல்லாம். நம்ம பாஷையில, மானிட்டரிங் செட் பண்ணியாச்சு.

ஆனா அலர்ட் வந்த பிறகு?

கேபிள் அறுந்த இடம் பின்லாந்தோட கடலெல்லைக்கு வெளியே. அங்க நடக்கிற கப்பல் விபத்துக்கு, 1982 ஐநா கடல் சட்டப்படி, கப்பல் எந்த நாட்டுக் கொடியில ஓடுதோ அந்த நாடோ, மாலுமியோட சொந்த நாடோதான் குற்ற வழக்கு நடத்தலாம். ஈகிள் எஸ்ஸோட கொடி, பசிபிக் கடல்ல இருக்கிற குக் தீவுகளோடது!

கேப்டனும் ரெண்டு அதிகாரிகளும் குற்றத்தை மறுத்தாங்க. வேணும்னே செஞ்சாங்கன்னு அரசுத் தரப்பு நிரூபிக்கலைன்னு கோர்ட் சொன்னது. 2025 அக்டோபர்ல ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம், இதை விசாரிக்கத் தனக்கு அதிகாரமே இல்லைன்னு வழக்கைத் தள்ளிடுச்சு. நேட்டோ இன்னும் பத்து கப்பல் விட்டாலும் இந்த விதியை மாத்த முடியாது. எனக்கு ரோந்தைவிட இந்த ஓட்டைதான் பெருசாத் தெரியுது.

அவங்க வக்கீல் செலவையும் பின்லாந்து அரசே கட்டணும்னு தீர்ப்பு.