முடிவு தெரிந்த கதையை மெதுவாகச் சொன்னால் யார் பார்ப்பார்கள்? ப்ரீக்வல் சீரிஸ்களும் ஷிப்ட் முடிந்து வரும் ரசிகர்களும்

மாமியார் ஒரு வார்த்தை சொல்லுவார். உடனே மருமகள் முகம், மகன் முகம், நாத்தனார் முகம், சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்கும் சித்தி முகம் என்று கேமரா ஒரு ரவுண்டு வரும். நடுவில் இடிச் சத்தம் வேறு. அந்த ஒரு வார்த்தைக்கு மாமனார் என்ன பதில் சொன்னார் என்பது அடுத்த நாள்தான் தெரியும்.

'சீரியல்னா இழுவை' என்று நாம் எல்லோரும் சலித்துக்கொள்வதுதான். ஆனால், அந்த இழுவைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, திருவள்ளூர் பக்கம் காக்களூர் சிட்கோ என்று ஷிப்ட் முறையில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் அந்த நியாயம் நன்றாகவே புரியும்.

காலை 6 மணிக்கு ஒரு ஷிப்ட், மதியம் 2 மணிக்கு ஒன்று, இரவு 10 மணிக்கு ஒன்று என்று வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருக்கும். மதிய ஷிப்ட் விழுந்தால், டி.வி-யில் சீரியல் களைகட்டும் இரவு 7 மணியிலிருந்து 10 மணிவரை அவர் மெஷின் முன்னால்தான் நிற்பார். அந்த வாரம் முழுக்க ஒரு எபிசோடுகூடப் பார்க்க முடியாது. ஆனால், அடுத்த வாரம் காலை ஷிப்ட் முடிந்து வந்து சோபாவில் உட்கார்ந்தால் கதை அதே கல்யாண மண்டபத்தில்தான் நிற்கும். தாலி இன்னும் கட்டியிருக்க மாட்டார்கள். விட்டுப்போனதை வீட்டம்மா இரண்டு வரியில் சொல்லிவிடுவார். பார்க்க முடியாமல் போனவரையும் சேர்த்துக்கொண்டு போகும் வேகம் அது.

வெப் சீரிஸ் அப்படியில்லை. மொத்த எபிசோடும் போனுக்குள்ளேயே இருக்கிறது. யாருக்காகவும் கதை காத்திருக்கத் தேவையில்லை. அங்கேயும் மெதுவாகப் போனால் 1.5 வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிற தலைமுறை இது (நானும் அதில்தான் சேர்த்தி).

இதில் இன்னும் ஒரு படி சிக்கலானது ப்ரீக்வல், அதாவது முன்கதை. ஒரு கதை வந்து ஹிட்டான பிறகு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்ல வருகிற கதை. யார் சாவார், யார் பிழைப்பார், யார் வில்லனாவார் என்பதெல்லாம் முதல் எபிசோடுக்கு முன்னாலேயே நமக்குத் தெரியும். தெரிந்த முடிவை நோக்கி ஒருவர் மெதுவாக நடந்து போனால் நாம் ஏன் கூடவே நடக்க வேண்டும்?

கட்டப்பா சொல்லிக்கொடுத்த பாடம்

நடந்திருக்கிறோம். 2015-ல் 'பாகுபலி' முதல் பாகம் முடிந்தபோது கட்டப்பாதான் கொன்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2017-ல் வந்த இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி என்ன? முன்கதைதான். யார் சாகப்போகிறார், யார் கையால் சாகப்போகிறார் என்று தெரிந்தே தியேட்டருக்குப் போனோம். குந்தள தேசத்தில் காதல், படகுப் பாட்டு என்று படம் நிதானமாகத்தான் போனது. யாரும் வாட்ச்சைப் பார்க்கவில்லை. 'என்ன' என்பது தெரியும், 'ஏன்' என்பது தெரியாது. அமரேந்திர பாகுபலியும் கட்டப்பாவும் சிரித்துப் பேசும் ஒவ்வொரு காட்சியும், இவர்கள் இவ்வளவு பாசமாக இருக்கிறார்களே என்று நம்மைக் கலங்க வைத்தது. சீக்கிரம் முடித்திருந்தால் அந்த வலி வந்திருக்காது.

அதே உலகத்தை வைத்து 2024 மே மாதம் ஹாட்ஸ்டாரில் 'பாகுபலி: கிரவுன் ஆஃப் பிளட்' என்ற அனிமேஷன் முன்கதை வந்தது. ஒன்பது சின்ன எபிசோடுகள். பாகுபலியும் பல்வாள்தேவனும் சேர்ந்து ரக்ததேவா என்ற புது எதிரியிடமிருந்து மகிழ்மதியைக் காப்பாற்றும் கதை. வேகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும், எனக்குப் பதற்றமே வரவில்லை. சினிமாவில் நாம் பார்த்த யாருக்கும் இங்கே எதுவும் ஆகாது என்பது முன்பே தெரியும். தெரியாத 'ஏன்' ஒன்றையும் கதை கையில் வைத்திருக்கவில்லை. வேகமாகப் போனால் ப்ரீக்வல் தப்பித்துவிடும் என்று யாராவது சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

(சிவகாமி தேவியின் இளமைக்காலத்தை நெட்ஃபிளிக்ஸ் தனி சீரிஸாக எடுப்பதாக 2018-ல் அறிவித்தது. ஆனந்த் நீலகண்டனின் நாவல்தான் அடிப்படை. படப்பிடிப்பும் நடந்தது. ஆனால், திரைக்கு வரவேயில்லை.)

சிவகாமி என்றதும் நம் வீட்டுப் பரணில் இருக்கும் இன்னொரு சிவகாமி ஞாபகத்துக்கு வருகிறார். கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. அதில் நரசிம்மவர்மர் வளர்ந்த மகள் இருக்கும் சக்கரவர்த்தி. அதற்குப் பிறகு, 1944-லிருந்து 1946 வரை கல்கி இதழில் தொடராக வந்த 'சிவகாமியின் சபதம்' அதே நரசிம்மவர்மரின் வாலிப காலத்துக்குப் போகிறது. இன்றைய பாஷையில் சொன்னால் பக்கா ப்ரீக்வல்! வாதாபி எரியும், பல்லவர் ஜெயிப்பார் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால், ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி சரித்திரத்தில் இல்லை, கல்கியின் கற்பனை. அவள் கதி என்ன ஆகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்க முடியாது. வாரம் ஒரு துளியாகச் சொன்னாலும் வாசகர்கள் காத்திருந்தது அந்த ஒரு பெண்ணுக்காக.

டி.வி உலகத்தில் இதே வித்தையைச் செய்த சீரிஸ் 'பெட்டர் கால் சால்'. 'பிரேக்கிங் பேட்' சீரிஸில் தில்லாலங்கடி வக்கீலாக வரும் சால் குட்மேன் அப்படி ஆவதற்கு முன் யார் என்பதுதான் கதை. 2015-ல் தொடங்கி 2022 வரை ஆறு சீஸன், 63 எபிசோடுகள். மூலக்கதையே 62-தான்! ஹீரோ அந்த 'சால் குட்மேன்' என்ற பெயரில் தொழில் செய்ய முடிவெடுப்பதே நான்காவது சீஸனின் கடைசிக் காட்சியில்தான். டைட்டிலில் இருக்கும் பெயருக்கு வந்து சேர நான்கு சீஸன். கோபம் வர வேண்டும் அல்லவா? வரவில்லை. காரணம், கிம் வெக்ஸ்லர். ஹீரோ காதலிக்கும் பெண் வக்கீல். 'பிரேக்கிங் பேட்' கதையில் அவர் கிடையாது. அப்படியானால் இவருக்கு என்ன ஆனது? செத்துவிட்டாரா, பிரிந்துவிட்டாரா? அந்தப் பயத்திலேயே ஒவ்வொரு எபிசோடையும் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மூன்றாவது சீஸனின் ஆரம்பத்தில் மைக் என்ற கிழவர் தன்னை யாரோ வேவு பார்ப்பதாகச் சந்தேகப்பட்டு ஒரு காரையே பிரித்து மேய்வார். சீட், பேனல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவார். வசனமே கிடையாது. கடைசியில் தேடியது பெட்ரோல் டேங்க் மூடிக்குள் கிடைக்கும். ஒரு மெக்கானிக்கின் பொறுமையோடு எடுத்த காட்சி. மெதுவாகத்தான் போகும், ஆனால் அந்த நேரம் முழுக்க ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். நம்மூர் சீரியலில் நான்கு முகங்களைச் சுற்றிவரும் நேரத்தில் எந்த வேலையும் நடப்பதில்லை. இரண்டுக்கும் அதுதான் வித்தியாசம்.

பாக்யாவின் அக்கா கதை

இந்திய சீரியல்களில் இதை முயன்று பார்த்தவர்கள் இந்தி 'அனுபமா' குழுவினர். பெங்காலி 'ஸ்ரீமோயி'தான் இந்தியில் 'அனுபமா', தமிழில் விஜய் டி.வி-யின் 'பாக்கியலட்சுமி'. கும்மிடிப்பூண்டி பக்கம் பீகார், ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் அதிகம். அவர்கள் போனில் அனுபமா என்றால், பக்கத்துத் தெரு வீட்டு டி.வி-யில் 2025 வரை பாக்யா. கதை ஒன்றுதான்!

2022 ஏப்ரலில் 'அனுபமா: நமஸ்தே அமெரிக்கா' என்ற முன்கதை ஹாட்ஸ்டாரில் வந்தது. பதினோரு எபிசோடுகள். 17 வருடங்களுக்கு முன்னால், 28 வயது அனுபமாவுக்கு அமெரிக்கா போய் நடனமாட ஒரு வாய்ப்பு. அவர் போகவில்லை என்பது சீரியல் பார்த்த எல்லோருக்கும் தெரியும். 25 வருஷமாக அடுப்படியில் நிற்கும் அம்மாவாகத்தானே அவரை முதலில் பார்த்தோம்! ஆனால், போகாமல் இருந்தது யாரால், எந்த நாளில், எந்தச் சொல்லால் என்பதுதான் கேள்வி. தினம் ஓடும் சீரியலின் இழுவையே இல்லாமல் பதினோரு எபிசோடில் அதை முடித்தது புத்திசாலித்தனம். தமிழில் பாக்யாவுக்கு இப்படி ஒன்று வராதது எனக்கு ஒரு குறைதான். கோபியைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் அந்தப் பெண் என்னவாக ஆக ஆசைப்பட்டிருப்பாள்?

12 மணி நேர ஷிப்ட்

இந்தப் பட்டியலில் கும்மிடிப்பூண்டிக்காரர்கள் பார்க்க வேண்டிய ஒரே சீரிஸைச் சொல் என்றால் 'ஆண்டோர்' என்பேன். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2016-ல் வந்த 'ரோக் ஒன்' படத்தின் முன்கதை. ஹீரோ கேஸியன் ஆண்டோர் அந்தப் படத்தின் முடிவில் இறந்துவிடுவார். தெரிந்த சாவு. 2022-ல் முதல் சீஸன் வந்தபோது ஆரம்ப எபிசோடுகள் நகரவே இல்லை என்றுதான் பலர் சொன்னார்கள். முதல் மூன்றையும் ஒரே நாளில் வெளியிட்டதற்கு அந்தப் பயமும் காரணமாக இருந்திருக்கலாம்.

ஏழாவது எபிசோடில் ஒரு காரணமும் இல்லாமல் பிடித்த ஹீரோவை எட்டாவது எபிசோடில் ஒரு ஜெயிலில் போடுகிறார்கள். ஜெயில் என்றால் கம்பி இல்லை. அது ஒரு ஃபேக்டரி. ஒரு மேசைக்கு ஏழு பேர், ஒரு ஹாலுக்கு ஏழு மேசை. 12 மணி நேர ஷிப்ட். ஏதோ ஒரு பாகத்தை மாட்டி, முடுக்கி, அனுப்ப வேண்டும். எதற்கான பாகம் என்று யாருக்கும் தெரியாது. அதிகம் செய்த மேசைக்குச் சாப்பாட்டில் ருசி சேரும். குறைவாகச் செய்த மேசைக்குத் தரையிலிருந்து ஷாக்! டார்கெட், புரொடக்‌ஷன் போர்டு, பக்கத்து லைனோடு போட்டி, சூப்பர்வைசர் சத்தம் எல்லாம் அங்கேயும் உண்டு.

இதை மூன்று எபிசோடுகளுக்கு நிதானமாகக் காட்டுகிறார்கள். திரும்பத் திரும்ப அதே வேலை, அதே மேசை. அந்த மேசையில் உலாஃப் என்று ஒரு வயதானவர். விடுதலைக்குக் கொஞ்சம் ஷிப்ட்டுகளே மீதம். கை நடுங்க ஆரம்பிக்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்துச் சமாளிக்கிறார்கள். இதை இரண்டு நிமிடத்தில் சொல்லியிருந்தால் தகவலாகப் போயிருக்கும். நாமும் அந்த மேசையில் நின்று கால் வலித்த பிறகுதான், விடுதலை என்பதே பொய், முடித்தவர்களை இன்னொரு தளத்துக்கு மாற்றுகிறார்கள் என்ற செய்தி வருகிறது. அதற்குப் பிறகு வரும் பத்தாவது எபிசோடை யாரும் 1.5 வேகத்தில் பார்க்க மாட்டார்கள்.

இது வெளியாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். சீரிஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால், அந்த வாரச் செய்திகளைப் பார்த்தபோது எனக்கு உலாஃப் முகம்தான் வந்தது.

அதே 'ஆண்டோர்' 2025-ல் இரண்டாவது சீஸனில் தலைகீழாக மாறியது. மொத்தம் ஐந்து சீஸன் எடுக்கத்தான் முதலில் திட்டம். அத்தனை வருடம் தாங்காது என்று இரண்டாகச் சுருக்கினார் டோனி கில்ராய். முதல் சீஸனில் 12 எபிசோடுக்கு ஒரு வருடம். இரண்டாவதில் மூன்று எபிசோடுக்கு ஒரு வருடம். நடுவில் நடந்தவற்றை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் சீஸன்தான் பிடித்தது. ஆனால், இந்த அவசரத்தையும் தாங்க முடிந்தது முதல் சீஸனில் நிதானமாகப் பழகியதால்தான்.

'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முன்கதையான இது முதல் சீஸனில் சுமார் 20 வருடங்களைத் தாவியது. பாதியில் நடிகைகளே மாறினார்கள். அதிலும், நோயில் அழுகிப்போன உடம்போடு அரசர் விசேரிஸ் சிம்மாசனம் வரை தள்ளாடி நடக்கும் காட்சியில் மட்டும் எந்த அவசரமும் கிடையாது. சீஸனிலேயே மனதில் நின்றது அதுதான். 2024-ல் வந்த இரண்டாவது சீஸனில் எட்டே எபிசோடுகள். டேமன் ஒரு பாழடைந்த கோட்டையில் உட்கார்ந்து எபிசோடு எபிசோடாகக் கனவு கண்டார். கடைசி எபிசோடில் படைகள் கிளம்பும், கப்பல்கள் கிளம்பும், டிராகன்கள் பறக்கும். போர்? அடுத்த சீஸனில்! ஷிப்ட் முடிந்து வந்து தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் கொடுத்துப் பார்த்தவருக்கு இது அநியாயம். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டாமல் நிறுத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், கிராஃபிக்ஸ் செலவைத் தவிர?

'ஆண்டோர்' பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் மூன்று எபிசோடு சேர்ந்து ஒரு கதை, அடுத்த மூன்று ஒரு கதை. மொத்தமாக உட்கார நேரமில்லாதவர்கள் அந்த மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சீட் கிடைத்தால் போகும்போது இரண்டு, வரும்போது ஒன்று. ஜெயில் எபிசோடுகளை மட்டும் வேலைக்குப் போகும் வழியில் பார்க்காதீர்கள்.