பாஸ்கர்வில் நாய்: ஒரு ஜேர்மன் மௌனப் படம்
ஷெர்லொக் ஹோம்ஸின் கடைசி மௌனப் படத்தை எடுத்தது இங்கிலாந்தல்ல, ஜேர்மனி. ரிச்சர்ட் ஒஸ்வால்ட் 1929இல் இயக்கிய ‘பாஸ்கர்வில் நாய்’தான் அது. ஹோம்ஸாக வந்தவர் கார்லைல் பிளாக்வெல், அமெரிக்கர். சேர் ஹென்றியாக இத்தாலிய நடிகர் லிவியோ பாவனெல்லி. அல்மா டெய்லர் இங்கிலாந்துக்காரி. வில்லன் ஜேர்மனியரான ஃபிரிட்ஸ் ராஸ்ப். அந்த முகத்தைப் பார்த்தாலே போதும், துப்பறிய வேண்டியதில்லை! ஆளுக்கொரு பாஷை. வாய் பேசாத படத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? பேசும் படம் வந்ததும் இந்தச் சலுகை போய்விட்டது.

ஒஸ்வால்ட் யூதர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வரவும் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. படமும் தொலைந்தது என்றே பலகாலம் நம்பினார்கள். கடைசியில் பிரதி அகப்பட்டது போலந்தில், ஒரு பாதிரியாரிடம் இருந்த பழைய சுருள்களுக்குள்ளே. விடுபட்ட காட்சிகளில் சிலதை, வீட்டில் போட்டுப் பார்க்கும் 9.5 மில்லிமீற்றர் சுருளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள்.