ஓர் எழுத்து தள்ளிப் படித்தால்

1970-களின் நடுவில், கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சேங்கரின் ஆய்வகத்தில் ஒரு கணக்கு உதைத்தது. அவர்கள் கையில் இருந்தது ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸ். ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் நுழைந்து, பெருகி, அதை வெடிக்கவைத்து வெளியேறுவது அதன் பிழைப்பு. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கக்கூடிய அளவுக்குச் சிறியது. அது செய்யும் புரதங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், அதன் டி.என்.ஏ.வில் அத்தனைக்கும் இடமே இல்லை.

இன்று நமக்குத் தெரிந்த எண்களை வைத்தே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்த வைரஸின் டி.என்.ஏ. 5,386 எழுத்துகள் கொண்ட ஒரு வளையம். எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என நான்கே வகை. மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு கோடான்; ஒரு கோடானுக்கு ஓர் அமினோ அமிலம்; அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்தால் புரதம். 5,386-ஐ மூன்றால் வகுத்தால் 1,795 அமினோ அமிலங்கள்தான் கிடைக்கும். வைரஸின் 11 புரதங்களுக்கோ 2,300-க்கு மேல் வேண்டும். மிச்சம் ஐந்நூற்றுச் சொச்சம் எங்கிருந்து வருகிறது?

விடைக்குப் போகுமுன், செல் இந்த எழுத்துகளை எப்படிப் படிக்கிறது என்று பார்த்துவிடுவோம். டி.என்.ஏ.வின் நகலாக எழுதப்படும் தூது ஆர்.என்.ஏ.வை ரைபோசோம் என்ற நுண் இயந்திரம் படிக்கிறது. பெரும்பாலும் ஏ.டி.ஜி. என்ற கோடானில்தான் தொடங்கும். பிறகு இடைவெளி விடாமல் மும்மூன்று எழுத்தாக நகரும். டி.ஏ.ஏ., டி.ஏ.ஜி., டி.ஜி.ஏ. ஆகிய மூன்றில் ஒன்று வந்ததும் நின்றுவிடும். தொடக்கத்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே தடையில்லாமல் ஓடும் அந்தப் பகுதிக்குத் திறந்த வாசிப்புச் சட்டகம் என்று பெயர்.

சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிரிமொழிச் சிலேடையில் 'பலகை' ஓரிடத்தில் மரப்பலகையாகவும், பிரித்துப் படித்தால் 'பல கை'யாகவும் நிற்பதுபோல, எங்கே வெட்டிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். ஓர் எழுத்து தள்ளித் தொடங்கினால் அதற்குப் பின்வரும் ஒவ்வொரு கோடானும் வேறு. ஆகவே ஓர் இழையை மூன்று விதமாகப் படிக்கலாம்.

ஃபை எக்ஸ் 174 செய்ததும் அதைத்தான். அதன் 'டி' (D) மரபணு 390-ஆம் எழுத்தில் தொடங்கி 848-இல் முடிகிறது. அதற்குள்ளேயே 568-ஆம் எழுத்தில், ஓர் எழுத்து தள்ளிய சட்டகத்தில், 'இ' என்ற இன்னொரு மரபணு தொடங்கி 843-இல் முடிந்துவிடுகிறது. 276 எழுத்துகள் முழுவதும் இரண்டு மரபணுக்களுக்கும் சொந்தம். புரதங்களோ ஒன்றோடொன்று எந்த ஒற்றுமையும் இல்லாதவை. 'டி' புரதம் கொத்தனார் கட்டும் சாரத்தின் வேலையைச் செய்கிறது: புது வைரஸின் ஓடு உருவாகும்போது அதன் 240 பிரதிகள் சுற்றி நின்று தாங்கும், ஓடு முதிர்ந்ததும் விலகிவிடும். 'இ' புரதம் பாக்டீரியாவின் செல்சுவருக்கு மூலப்பொருள் செய்யும் நொதியை முடக்குகிறது. சுவர் பலவீனமாகிச் செல் வெடிக்க, வைரஸ்கள் வெளியே பாய்கின்றன. கட்டுவதற்கான கட்டளையும் உடைப்பதற்கான கட்டளையும் ஒரே வரியில் இருக்கின்றன.

எழுத்துச் சிக்கனம் இதோடு நிற்கவில்லை. 'டி' மரபணு முடிந்து 'ஜே' மரபணு தொடங்கும் இடத்தில் டி.ஏ.ஏ.டி.ஜி. என்ற ஐந்து எழுத்துகள் வருகின்றன. முதல் மூன்றும் 'டி'க்கு முற்றுப்புள்ளி, கடைசி மூன்றும் 'ஜே'க்குத் தொடக்கம். நடுவிலுள்ள ஒற்றை ஏ இரண்டுக்கும் பொது. 133 முதல் 136 வரையுள்ள நான்கு எழுத்துகளில் இன்னும் நெரிசல். அங்கே ஒரு மரபணு முடிகிறது, ஒன்று தொடங்குகிறது, மூன்றாவது ஒன்று நடுவே கடந்து போகிறது. மூன்று சட்டகங்களும் ஒரே சமயத்தில் வேலையில் இருக்கின்றன.

இப்படி அடுக்கி எழுதுவது எவ்வளவு கடினம் என்பது கோடானுக்குள் எட்டிப் பார்த்தால்தான் புரியும். அமினோ அமிலங்கள் இருபது. அவற்றுக்கான கோடான்கள் 61. அதனால் பல கோடான்களில் மூன்றாம் எழுத்து மாறினாலும் அமினோ அமிலம் மாறாது. கோடானின் தளர்வான இடம் அது. நடு எழுத்து மாறினால் நிலைமை வேறு. அமினோ அமிலமே மாறிவிடும். சட்டகம் ஓர் எழுத்து தள்ளியிருப்பதால், 'டி'யின் தளர்வான மூன்றாம் எழுத்து 'இ'க்குக் கறாரான நடு எழுத்தாக அமைந்துவிடுகிறது. ஒருவர் அலட்சியமாக விடக்கூடிய இடத்தில் இன்னொருவரின் உயிர் இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த கண்ணி. இந்த வைரஸின் மரபணுக்களில் கோடானின் மூன்றாம் இடத்தில் டி (T) என்ற எழுத்து மிகுதியாக வருகிறது. அந்த டி, 'இ' சட்டகத்தில் நடு எழுத்தாகிறது. நடுவில் டி உள்ள பதினாறு கோடான்களும் தண்ணீரை விலக்கி, கொழுப்போடு ஒட்டும் அமினோ அமிலங்களையே குறிக்கின்றன. செல்லின் கொழுப்புச் சவ்வுக்குள் செருகி நிற்கவேண்டிய 'இ' புரதத்துக்கு அப்படிப்பட்ட பகுதிதான் தேவை. 'டி'க்குப் பொருட்டில்லாத ஒரு பழக்கம், 'இ' பிறப்பதற்கு ஏற்ற மண்ணாக இருந்திருக்கிறது.

சேங்கர் குழு 1977-இல் இந்த வளையத்தின் எழுத்து வரிசையை ஏறக்குறைய முழுமையாக வெளியிட்டது. ஓர் உயிரியல் பொருளின் முழு டி.என்.ஏ.வும் படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. 1980-இல் சேங்கருக்கு இரண்டாவது நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியென்றால் இந்த அடுக்கு இல்லாமல் வைரஸ் வாழவே முடியாதா? 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த மரபணுக்களை எல்லாம் பிரித்து, தனித்தனியே வரிசையாக வைத்து, புது டி.என்.ஏ. ஒன்றைச் செயற்கையாகக் கட்டினார்கள். அந்த வைரஸும் பாக்டீரியாவைத் தொற்றிப் பெருகியது. அடுக்கு இல்லாமலும் பிழைப்பு ஓடும். ஆனாலும் இயற்கையான ஃபை எக்ஸ் 174 அடுக்கைக் கைவிடாமல் வைத்திருக்கிறது.

பெரிய உயிர்களின் மரபணுக்களைத் தேட வந்தபோது இந்தப் பாடம் கொஞ்சம் மறந்துபோனது. 64 கோடான்களில் மூன்று நிறுத்தம் என்பதால், எழுத்துகளைக் கண்ணை மூடிக் கொட்டினாலும் சராசரியாக 21 கோடானுக்கு ஒரு நிறுத்தம் வரும். நூறு கோடான் வரை நிறுத்தமே வராமல் ஓடும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை. எனவே நூறுக்கு மேல் நீளமான சட்டகம் உண்மையான மரபணு, குறைந்தது தற்செயல் என்று எல்லை வகுத்தார்கள். நியாயமான எல்லைதான். ஆனால் 91 அமினோ அமிலங்களே கொண்ட 'இ' புரதமும், 38 மட்டுமே கொண்ட 'ஜே' புரதமும் இந்தச் சல்லடையில் தங்காது.

அப்படி நழுவியவை ஒவ்வொன்றாகக் கிடைக்கத் தொடங்கின. பழ ஈயில் புரதம் எதையும் தராது என்று ஒதுக்கப்பட்ட ஓர் ஆர்.என்.ஏ.வை 2007-இல் மறுபடி ஆராய்ந்தார்கள். அதிலிருந்து 11 முதல் 32 வரை அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுப் புரதங்கள் உருவாவது தெரிந்தது. அவை இல்லாவிட்டால் ஈயின் கருவில் மேல்தோல் முட்கள் முளைப்பதில்லை. மொழுமொழுவென்று கிடந்த அந்தக் கருவைப் பார்த்து, ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுவுக்குத் 'தீட்டிய அரிசி' என்று பெயர் வைத்தார்கள்.

2015-இல் தசையிலும் அப்படி ஒன்று கிடைத்தது. மையோரெகுலின் என்ற அந்தப் புரதத்தின் நீளம் 46 அமினோ அமிலங்கள். அதன் ஆர்.என்.ஏ.வும் வெற்று என்றே பட்டியலில் இருந்தது. தசை சுருங்கித் தளர்வதற்குக் கால்சியத்தை இழுத்துச் சேமிக்கும் பம்பு ஒன்று உண்டு. மையோரெகுலின் அதற்குக் கடிவாளம். அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகள், மற்ற எலிகளைவிட அதிக தூரம் ஓடின.