வகுப்பு ஆசிரியரின் போனும் மாணவர்களின் விவரங்களும்

தமிழ்நாட்டில் ஒரு மாணவரின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், சாதி, பெற்றோரின் தொழில், கைபேசி எண் எனப் பல விவரங்கள் எமிஸ் என்னும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் ஏற்றப்படுகின்றன. பல அரசுப் பள்ளிகளில் அவற்றை ஏற்றுபவர் வகுப்பு ஆசிரியர். கருவி பெரும்பாலும் அவருடைய சொந்தக் கைபேசி. வருகைப்பதிவு செயலி, சம்பளச் சீட்டுக்கான களஞ்சியம் செயலி, வங்கிச் செயலி, பெற்றோர் குழு எல்லாம் அந்த ஒரே போனில்தான். அதன் பூட்டு திறந்தால் ஒரு வகுப்பின் வீட்டு விவரங்களும் சேர்ந்து திறக்கின்றன.

எமிஸ் தளத்துக்குக் கடவுச்சொல் உண்டு. விவரங்கள் எளிதில் கசியும் இடங்கள் அதற்கு வெளியே இருக்கின்றன. விடுபட்ட ஆதார் எண்ணைக் கேட்டு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போகிறது; பெற்றோர் அட்டையைப் படமெடுத்துக் குழுவிலேயே போட்டுவிடுகிறார்கள். அது குழுவில் உள்ள அத்தனை பேரின் போனுக்கும் போய்விடுகிறது. உதவித்தொகைப் பட்டியலை அச்செடுக்க பிரவுசிங் சென்டரின் எண்ணுக்கு அனுப்பினால், அச்சு முடிந்த பின்னும் கோப்பு அங்கேயே கிடக்கும். அங்கே திறந்த வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியேற மறந்தால், அடுத்து உட்காருபவர் எல்லா உரையாடல்களையும் படிக்கலாம். செயலியின் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் பார்த்து, தெரியாத கணினியை அங்கேயே நீக்கிவிடலாம்.

ஆவணங்களைத் தனிச்செய்தியில் பெற்று, பதிவு முடிந்ததும் அழிப்பதே சரியான வழக்கம். முழு எண் தேவைப்படாத இடத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும். ஆதார் ஆணையத்தின் தளத்தில் அதைப் பதிவிறக்கலாம்.

கசிந்த விவரம் எதற்குப் பயன்படுகிறது என்பதை உதவித்தொகை மோசடி காட்டுகிறது. கல்வித் துறையிலிருந்து பேசுவதாகப் பெற்றோருக்கு அழைப்பு வருகிறது. குழந்தையின் பெயர், வகுப்பு, பள்ளி மூன்றையும் சரியாகச் சொல்பவரைப் பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். பணம் வந்து சேர கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை அழுத்தச் சொல்கிறார் அழைத்தவர். அழுத்தியதும் கணக்கில் இருந்த பணம் போய்விடுகிறது. யுபிஐயில் பணம் பெற பின் எண் தேவையே இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த ஒரு செய்தியைச் சொன்னாலே பல குடும்பங்கள் தப்பும்.

ஆசிரியரின் கணக்கையே பறிப்பதும் நடக்கக்கூடியது. தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்லி ஆறு இலக்க ஓடிபியை யாரோ கேட்கிறார்கள். கொடுத்த நிமிடம் வாட்ஸ்அப் கணக்கு கேட்டவர் கைக்குப் போகிறது. பிறகு ஆசிரியரின் பெயரிலேயே பெற்றோர் குழுவில் பணம் கேட்கலாம். டீச்சர் கேட்டால் யார் சந்தேகப்படுவார்கள்? இரட்டைச் சரிபார்ப்பு என்னும் ஆறு இலக்க பின் எண்ணை முன்பே அமைத்திருந்தால், ஓடிபி மட்டும் கிடைத்தவரால் உள்ளே நுழைய முடியாது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களில் வரும் ஏபிகே கோப்புகளைத் தொடவே கூடாது. நிறுவினால் அவை குறுஞ்செய்திகளைப் படித்து, வங்கி அனுப்பும் ஓடிபியைத் திருடும். பல ஆசிரியர்களுக்கு ஒரே கடவுச்சொல் வைத்து, அதை அலுவலக மேசைக் கண்ணாடிக்கடியில் எழுதி வைப்பதும் ஆபத்தான பழக்கமே.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. தரவைப் பாதுகாக்கத் தவறும் அமைப்புக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் பொறுப்பாக்குவது அமைப்பைத்தான். ஆகவே விவரங்களைச் சேகரிக்கச் சொல்லும் துறையும் நிர்வாகமும் அதற்கான கருவியையும் பயிற்சியையும் தர வேண்டும்; ஆசிரியரின் சொந்த போனை நம்பி இவ்வளவு பெரிய பணியை நடத்துவது நியாயமில்லை.

பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் புகார் சேர்ந்தால், வங்கியால் அதை முடக்கிவைக்க முடியும்.