ஒரே கணக்கு, வெவ்வேறு தொடக்கம்

எல்லா மாணவருக்கும் ஒரே கணக்கை ஒரே விதமாக நடத்தாமல், அவரவர் நிலைக்கேற்பத் துணையை மாற்றுவதே வேறுபடுத்திக் கற்பித்தல். ஷார்ஜாவில் பள்ளிகள் நெருங்கியிருக்கும் முவைலாவின் வகுப்பு ஒன்றில், ‘3 பேனா 12 திர்ஹாம், 7 பேனா என்ன விலை?’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவருக்குப் படம் வரைந்தால்தான் ஒரு பேனா 4 திர்ஹாம் என்பது பிடிபடும். இன்னொருவர் சட்டென 28 என்பார். அவரிடம், ‘5 வாங்கினால் 1 இலவசம் என்றால்?’ என்று கேட்டால் மறுபடி யோசிப்பார். பின்தங்கியவருக்கு வெறும் கூட்டல் கணக்குகளையே தந்துகொண்டிருப்பது இந்த முறையாகாது; அவரும் சிந்தித்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அவர்களின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கிறது. அந்தப் பெயர் நிரந்தர முத்திரையானால் பயனில்லை. ஆசிரியர்கள் குழுக்களை அடிக்கடி மாற்றியமைக்க வேண்டும்.