மே மாத ஆய்வகத்துக்கு நவம்பரிலேயே வரிசை: அறிவியல் மாணவர்கள் கோட்டைவிடுவது எங்கே?

ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரி. ஏப்ரல் மாதம். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் துறைத் தலைவரிடம் போய், “சார், லீவுல ஏதாவது ரிசர்ச் இன்டர்ன்ஷிப் பண்ணலாமா சார்?” என்று கேட்கிறார். நல்ல கேள்விதான். கேட்ட மாதம்தான் தப்பு. அந்தக் கோடைக்கான விண்ணப்பங்களில் பெரும்பாலானவை முடிந்து, தேர்வானவர்கள் ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இது கற்பனைக் காட்சி. ஆனால் ஏப்ரலில் எந்த அறிவியல் துறையின் வாசலில் நின்றாலும் கேட்கக்கூடிய பேச்சு. இதே மாணவி வேறொரு கல்லூரியில் படித்திருந்தால், அக்டோபரிலேயே ஒரு சீனியர் அக்கா வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பியிருப்பார், ஒரு மேடம் கூப்பிட்டு “அப்ளை பண்ணிட்டியாம்மா?” என்று கேட்டிருப்பார். மதிப்பெண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சொல்ல ஆள் இருந்ததா, இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

எங்கே இருக்கின்றன இடங்கள்?

இன்டர்ன்ஷிப் என்றாலே ஐ.டி. கம்பெனி நினைவுக்கு வருகிற காலத்தில், அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கென்று தனிப் பாதை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அதில் எல்லோருக்கும் பொதுவானது, நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் கழகம் ஆகிய மூன்றும்தான் அவை. தேர்வானால் நாட்டின் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை. மாத உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் திறந்து மூடிவிடும்.

மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், பெங்களூருவின் ஜவகர்லால் நேரு உயர் ஆய்வு மையம், சென்னை ஐஐடி ஆகியவை தனித்தனியாகக் கோடைத் திட்டங்கள் நடத்துகின்றன. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம், கோடை என்றில்லாமல் ஆண்டு முழுக்கவே மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் படித்துக்கொண்டு, கடைசி வரை உள்ளே போகாமலே பட்டம் வாங்குகிறவர்களே அதிகம்.

கணிதம் படிப்பவர்கள் 1993-ல் பேராசிரியர் குமரேசன் தொடங்கிய எம்டிடிஎஸ் முகாமைத் தவறவிடக் கூடாது. ஆய்வு இன்டர்ன்ஷிப் என்று அதைச் சொல்ல முடியாது. நான்கு வாரம், யாரும் விடையைச் சொல்லித்தராமல் கேள்வி மேல் கேள்வி கேட்டே கணிதம் கற்பிக்கும் இடம். மனப்பாடம் செய்து தேர்வெழுதிப் பழகியவருக்கு முதல் வாரம் அழுகையே வந்துவிடும். அதற்காகவே போகலாம். மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் ‘நியஸ்’ திட்டமும் இளநிலை மாணவர்களுக்கானதுதான். முதலில் முகாம், பிறகு தேர்ந்தெடுத்த சிலருக்கு வழிகாட்டியோடு நீளும் ஆய்வு.

கையில் இருந்தும் தெரியாத 20,000

இன்ஸ்பயர் உதவித்தொகை பலருக்குத் தெரியும். பிளஸ் 2 தேர்வில் தங்கள் போர்டின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை தருவது. ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று விளம்பரத்தில் இருக்கும். ஆனால் அதில் 60,000 மட்டும்தான் படிப்புச் செலவுக்கு. மீதி 20,000, கோடையில் ஆய்வில் ஈடுபட்டிருக்கும் ஒருவரிடம் போய் ஒரு புராஜெக்ட் செய்வதற்கான தொகை.

அதாவது, “ஒரு வழிகாட்டியைத் தேடிக்கொள்” என்று திட்டமே சொல்கிறது. எப்படித் தேடுவது என்று மட்டும் சொல்வதில்லை. அதனால் தங்கள் கல்லூரியிலேயே யாராவது ஒரு பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கி, பழைய ரிப்போர்ட் ஒன்றைப் பார்த்து எழுதி, கணக்கை முடித்துவிடுகிறவர்களும் உண்டு. பணம் வந்துவிடும். அந்தக் கோடை திரும்பி வராது.

சிபாரிசுக் கடிதமா, நன்னடத்தைச் சான்றிதழா?

விண்ணப்பத்தில் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் கேட்பார்கள்: மதிப்பெண், என்ன செய்ய ஆசை என்று மாணவர் எழுதும் ஒரு சிறு குறிப்பு, ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம். மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. மற்ற இரண்டும் வழிகாட்டியின் கையில்.

சிறிய கல்லூரிகளிலிருந்து போகும் கடிதங்கள் பலவும் நன்னடத்தைச் சான்றிதழ் அச்சிலேயே இருக்கும். ‘மிகவும் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, ஆசிரியர்களுக்குக் கட்டுப்பட்டு நடப்பவர், அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.’ நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் நூறு விண்ணப்பங்களைப் புரட்டும் விஞ்ஞானிக்கு இதிலிருந்து எதுவும் தெரியாது. அவர் தேடுவது வேறு: ஸ்பெக்ட்ரோமீட்டர் ரீடிங் சரியாக வராதபோது இந்தப் பெண் என்ன செய்தார்? சிலபஸில் இல்லாத ஒன்றை வகுப்பில் கேட்டாரா? பைத்தான் தானே கற்றுக்கொண்டாரா? இப்படி ஒரே ஒரு உண்மைச் சம்பவம் இருக்கும் கடிதம், ஒரு பக்கப் பாராட்டைவிட எடை கூடியது.

அதை எழுத வேண்டுமானால் ஆசிரியருக்கு மாணவரைத் தெரிந்திருக்க வேண்டும். அறுபது பேர் வகுப்பில் அது எளிதல்ல. எனவே கடிதம் கேட்கப் போகும்போதே மாணவர் அரைப் பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுப்பது நல்லது: உங்களிடம் எந்தப் பாடம் படித்தேன், லேபில் என்ன செய்தேன், எதற்கு விண்ணப்பிக்கிறேன், கடைசித் தேதி என்ன. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆசிரியர்களுக்கு இது உதவியாகத்தான் இருக்கும்.

இன்னொரு சில்லறைத் தடங்கல், பெரிய சேதம்: பல போர்ட்டல்கள் கடிதத்தை மாணவரிடம் வாங்குவதில்லை. ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு லிங்க் போகும். அவரே ஏற்ற வேண்டும். அந்த மெயில் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். கடைசித் தேதி போய்விடும். “சார், மெயில் வந்துச்சா சார்?” என்று இரண்டு முறை நினைவூட்டுவது மரியாதைக் குறைவு என்று நினைத்து இடத்தைக் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

‘ரெஸ்பெக்டட் சார்’ மெயில்கள்

திட்டங்கள் மூலமாகப் போவது ஒரு வழி. விஞ்ஞானிக்கு நேரடியாக மெயில் எழுதுவது இன்னொன்று. இதிலும் தோற்கிற முறை எல்லோருக்கும் ஒன்றுதான். ‘ரெஸ்பெக்டட் சார், உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய மிகவும் ஆர்வமாக உள்ளேன்’ என்று ஒரே மெயிலை எண்பது பேருக்கு அனுப்புவது. அதில் இருபது பேர் பெண் விஞ்ஞானிகள்; அவர்களுக்கும் ‘சார்’தான்.

பதில் வரும் மெயில்கள் சின்னதாக இருக்கும். நான் யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று ஒரு வரி. உங்கள் ஆய்வில் எந்தப் பகுதியைப் படித்தேன், அதில் எது புரிந்தது, எது புரியவில்லை என்று மூன்று வரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும். ஒரு பக்கத்தில் சிவி. ஆய்வுக் கட்டுரை முழுக்கப் புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சுருக்கமும் முன்னுரையும் படித்திருந்தாலே கூட்டத்திலிருந்து தனியே தெரிவீர்கள். பத்து நாள் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையா, அடுத்தவர். இதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த மண்ணிலிருந்து போன மிகப் புகழ்பெற்ற ‘கோல்ட் மெயில்’ 1913 ஜனவரி 16-ம் தேதி எழுதப்பட்டது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு எழுதியது. அதற்கு முன் எழுதிய பேக்கர், ஹாப்சன் இருவரிடமும் காரியம் நடக்கவில்லை. ஹார்டி கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய கதைதான் இங்கே முக்கியம். திருக்கோவிலூரில் டெபுட்டி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு சென்னையில் உள்ள கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கைப்பணம் கொடுத்தார். துறைமுக அலுவலகத்தில் நாராயண ஐயர் கூடவே உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1913-ல், பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. இத்தனை பேரும் உள்ளூரில் கை கொடுத்தவர்கள்.

காசு கட்டிச் செய்கிற ‘இன்டர்ன்ஷிப்’

வழிகாட்ட ஆள் இல்லாத இடத்தில் வியாபாரம் நுழைந்துவிடுகிறது. ‘15 நாளில் ஆய்வு இன்டர்ன்ஷிப், சான்றிதழ் நிச்சயம், கட்டணம் சில ஆயிரம்’ என்று கல்லூரி குரூப்களில் போஸ்டர்கள் சுற்றுகின்றன. உயிரித் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் மாணவர்களுக்கு இந்த வலை அதிகம். கருவிகளைத் தொட்டுப் பார்க்கக் கல்லூரியில் வாய்ப்பே இல்லாதவர்கள், ஒரு நுட்பத்தைப் பழகிக்கொள்ளப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதில் தவறு சொல்ல முடியாது. அதை ஆய்வு என்று நம்பிப் போவதுதான் பிரச்சினை. நல்ல ஆய்வு நிறுவனங்கள் தங்கள் கோடைத் திட்டத்துக்கு மாணவரிடம் கட்டணம் வாங்கி ‘சீட்’ விற்பதில்லை. சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி போதும்: எந்த விஞ்ஞானியிடம், எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறேன்? பதில் வராவிட்டால் அது கோர்ஸ்.

இரண்டு மாதத்தில் என்ன நடக்கும்?

பெரிதாக எதுவும் நடக்காது என்பதே நேர்மையான பதில். இரண்டு மாதத்தில் ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருவது அபூர்வம். யாரோ எடுத்த தரவைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். பைப்பெட் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் வலிக்கும். மூன்று வாரம் செய்த சோதனை நான்காவது வாரம் தப்பு என்று தெரியும். கல்லூரி லேபில் விடை முன்பே தெரியும். ரெக்கார்டு நோட்டில் அதுவே வரவேண்டும். இங்கே விடை யாருக்கும் தெரியாது. அதைப் பழகிக்கொள்வதும், குரூப் மீட்டிங்கில் பத்து பேர் முன்னால் “எனக்கு இது புரியல” என்று சொல்லப் பழகுவதும்தான் உண்மையான பயிற்சி.

கையோடு வருவது இன்னொரு கடிதம். தன் கல்லூரிக்கு வெளியே, ஆய்வில் இருக்கும் ஒருவர், தன் கண்ணால் பார்த்த வேலையைப் பற்றி எழுதும் கடிதம். அடுத்த கோடைக்கும், ஒருங்கிணைந்த பிஎச்.டி. நேர்காணலுக்கும், ஜெர்மனியின் டாட்-வைஸ், கனடாவின் மைடாக்ஸ் போன்ற வெளிநாட்டுத் திட்டங்களுக்கும் அதுதான் துணை. முதல் கடிதம் கிடைப்பதுதான் கஷ்டம். அது அடுத்ததைக் கூட்டிவரும்.

வீடு, பணம், தேர்வு

தேர்வான பிறகும் போகாமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. உதவித்தொகை பல இடங்களில் மாதம் முடிந்தோ, திட்டம் முடிந்தோதான் கைக்கு வரும். ரயில் டிக்கெட்டையும் முதல் மாத மெஸ் பில்லையும் முன்னால் போட யாராவது வேண்டும். இரண்டாயிரம், மூவாயிரம் கடன் கொடுத்து அனுப்பும் ஆசிரியர்களும், பழைய மாணவர்கள் சேர்ந்து சிறு நிதி வைத்திருக்கும் துறைகளும் இல்லாமல் இல்லை. பெண்களுக்கு வீட்டு அனுமதி தனிப் படலம். “பெங்களூருல தனியாவா?” என்ற கேள்விக்கு மாணவி சொல்லும் பதிலைவிட, துறை மேடம் அப்பாவிடம் போனில் பேசும் ஐந்து நிமிடம் வேலை செய்யும். விடுதி வளாகத்துக்குள்ளேயே இருப்பதையும், போன வருடம் போன அக்காவின் நம்பரையும் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

தேர்வுத் தேதி மோதுவது இன்னொன்று. பல்கலைக்கழகத் தேர்வுகள் மே வரை இழுக்கும். திட்டம் மே தொடக்கத்தில் ஆரம்பிக்கும். இதைச் சொல்லி ஒரு மெயில் போட்டால் தேதியைத் தள்ளிவைக்கும் வழிகாட்டிகள் நிறையப் பேர். கேட்காமலே ‘நமக்கு ஒத்துவராது’ என்று முடிவு செய்வதுதான் அதிகம் நடக்கிறது.

வழிகாட்டியை எங்கே தேடுவது?

துறைத் தலைவர் நிர்வாகத்தில் மூழ்கியிருப்பார். தேட வேண்டிய இடம் பக்கத்து மேஜை. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களாக இருப்பவர்களில் பலர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பிஎச்.டி. முடித்தவர்கள். எந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது, யார் மெயிலுக்குப் பதில் போடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதே உறுதியில்லாத அவர்களிடம் இதையும் சுமத்துவது நியாயமா என்ற கேள்வி தனி. குறைந்தபட்சம், அவர்கள் செய்யும் வழிகாட்டலைக் கல்லூரி ஒரு வேலையாகக் கணக்கில் எடுக்கலாம். பல இடங்களில் அது டீ குடிக்கும் நேரத்தில் நடக்கும் உபகாரமாகவே இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. மூன்று அகாடமிகளின் கோடை ஃபெலோஷிப் மாணவர்களுக்கு மட்டுமானதல்ல. கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பித்து, ஓர் ஆய்வகத்தில் போய் வேலை செய்யலாம். திரும்பி வரும்போது, சிபாரிசுக் கடிதம் யாருக்குப் போகிறதோ அவரை நேரில் பார்த்துப் பேசிய ஒருவராக வருவார்கள். அவர்களுக்கான விண்ணப்பமும் மாணவர்களுடையதோடு சேர்ந்துதான் திறக்கிறது.