112 பேரில் ஒருவர்

1951ஆம் ஆண்டு ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில் ஒரு பூங்கா. மக்கள் குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜான் பேட்ரிக் ஹன்டர் என்ற உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் கையில் ஒரு மனுவோடு ஒவ்வொருவரிடமும் போய், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்கிறார். மொத்தம் 112 பேரிடம் கேட்டார். போட்டது ஒரே ஒருவர். இருபது பேர் திருப்பி அவரிடமே, நீ கம்யூனிஸ்டா என்று கேட்டார்கள்.

மனுவில் இருந்தது என்ன? 1776 சுதந்திரப் பிரகடனத்தின் தொடக்கப் பகுதி, கூடவே அரசியல் சாசனத்தில் குடிமக்கள் உரிமைகளைச் சொல்லும் திருத்தங்கள் சில. அவ்வளவுதான். எந்தப் பிரகடனத்தின் பிறந்தநாளுக்காக அன்றைக்குப் பூங்காவுக்கு வந்தார்களோ, அதிலேயே கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்கள்.

இதை முதலில் படித்தபோது, 'பாருங்கப்பா, சொந்த நாட்டு வரலாறே தெரியாத ஜனங்க' என்றுதான் எனக்கும் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. என் ஊகம், அந்த வாசகங்களை விட 'கையெழுத்து' என்ற விஷயத்துக்குத்தான் அவர்கள் அதிகம் பயந்திருப்பார்கள். 1951இல் அது அசட்டுத்தனமான பயமும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்புகள்.

இந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லாரும் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியைத்தான் சொல்வார்கள். 'மெக்கார்த்தியிசம்' என்று பெயரே வந்துவிட்டது. ஆனால் அவர் வந்தது தாமதமாக. மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில், வெளியுறவுத் துறைக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாக அவர் முழங்கியது 1950 பிப்ரவரியில். (முதலில் 205 பேர் என்றார், அடுத்தடுத்த நாட்களில் 57 ஆனது.) ஹாலிவுட் எழுத்தாளர்களை விசாரித்தது அவர் என்று நினைப்பவர்களும் உண்டு. அது பிரதிநிதிகள் சபையின் குழு, இவர் செனட்டர், அந்தக் குழுவில் இவருக்கு இடமே கிடையாது. அவர் கத்துவதற்கு மூன்று வருடம் முன்பே இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. அதை ஓட்டியவர் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி ஹாரி ட்ரூமன்.

1947 மார்ச் 21 அன்று ட்ரூமன் ஓர் ஆணை பிறப்பித்தார், எண் 9835. மத்திய அரசு ஊழியர் ஒவ்வொருவரும் நாட்டுக்கு விசுவாசமானவரா என்று சோதிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எஃப்.பி.ஐ. விசாரிக்கும். பிறகு 'விசுவாச வாரியம்' ஒன்று கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். அதே வருடக் கடைசியில், ஆபத்தானவை என்று அரசு கருதும் அமைப்புகளின் பட்டியலை அட்டர்னி ஜெனரல் டாம் கிளார்க் வெளியிட்டார். பட்டியலில் சேர்க்குமுன் எந்த அமைப்பிடமும் விளக்கம் கேட்கவில்லை. பிற்பாடு அது கிட்டத்தட்ட 300 பெயர்கள் வரை வளர்ந்தது. அரசு ஊழியருக்காகப் போட்ட பட்டியல்தான், ஆனால் பத்திரிகையில் வந்த பிறகு மாநில அரசுகள், பள்ளிக்கூடங்கள், தனியார் கம்பெனிகள் எல்லாம் அதையே எடுத்து வைத்துக்கொண்டன. பத்து வருடம் முன்பு ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அகதியானவர்களுக்காக யாரோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், அது இப்போது திரும்பி வந்து கதவைத் தட்டும். பூங்காவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரியும்.

வாரியங்கள் எப்படி நடந்தன என்பதற்கு டோரதி பெய்லி வழக்கை விடத் துல்லியமான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. வாஷிங்டனில் அரசின் வேலைவாய்ப்புத் துறையில் பயிற்சி அதிகாரி, தன் அலுவலகத் தொழிற்சங்கத்தின் உள்ளூர்த் தலைவர். அவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் என்று 'நம்பகமான' ஆட்கள் சொன்னதாக எஃப்.பி.ஐ. அறிக்கை. பெய்லி மறுத்தார். சத்தியம் செய்து சொன்னார். தன்னைத் தெரிந்தவர்களின் பிரமாணப் பத்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு எதிராக ஒரே ஒரு சாட்சி கூட வந்து நிற்கவில்லை. சொன்னது யார் என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டபோது மேல் வாரியத்தின் தலைவர் சேத் ரிச்சர்ட்சன் சொன்ன பதில்தான் விசேஷம்: யார் என்று தனக்கே தெரியாது என்றார். தீர்ப்புச் சொல்பவருக்கே குற்றம் சாட்டுபவர் யாரென்று தெரியாத விசாரணை!

கேட்ட கேள்விகளில் ஒன்று இது: ரத்தத்தைப் பிரித்து வைப்பது பற்றி நீங்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதியதுண்டா? அந்தக் காலத்தில் கறுப்பர் தானம் செய்த ரத்தத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் தனியாக வைத்தது. அதை எதிர்த்தவர்களில் கம்யூனிஸ்டுகளும் உண்டு. ஆகவே அதை எதிர்ப்பவர் கம்யூனிஸ்டாக இருக்கலாம் என்பது வாரியத்தின் தர்க்கம். இந்தத் தர்க்கத்தின் விளைவு பெய்லியோடு நிற்காது. நாளைக்கு நிறவெறியைப் பற்றி ஒரு வரி எழுத நினைக்கும் குமாஸ்தா, பேனாவை மூடி வைத்துவிடுவார். அவரை யாரும் விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெய்லி வேலையிழந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1950இல் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் 1951 ஏப்ரலில் நான்குக்கு நான்கு என்று பிரிந்தது. சமமாகப் பிரிந்தால் கீழ்த் தீர்ப்பே நிற்கும். ஒன்பதாவது நீதிபதி ஏன் உட்காரவில்லை? அவர் டாம் கிளார்க். பட்டியல் போட்ட அதே அட்டர்னி ஜெனரல், இடையில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகியிருந்தார். விலகிக்கொண்டது முறைதான். பெய்லிக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இத்தனை சோதனைக்குப் பிறகு எத்தனை உளவாளி பிடிபட்டார்கள்? 1950இல் செனட் துணைக்குழு முன் ரிச்சர்ட்சனே சொன்னார்: ஒற்று வேலை என்று ஒரு வழக்கு கூட வரவில்லை. ட்ரூமன் நிர்வாகம் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த வருடம் விதியை இன்னும் இறுக்கியது. அதுவரை 'விசுவாசமற்றவர் என்று நம்ப நியாயமான ஆதாரம்' வேண்டும். 1951 முதல் 'விசுவாசம் பற்றி நியாயமான சந்தேகம்' இருந்தால் போதும். வார்த்தை மாற்றம் மாதிரிதான் தெரியும். ஆனால் ஏற்கெனவே விசாரித்து நிரபராதி என்று விட்டவர்களை மறுபடி கூப்பிட்டார்கள். சந்தேகம் இல்லை என்று ஒரு மனிதர் எப்படி நிரூபிப்பார், சொல்லுங்கள்.

1953இல் ஐசனோவர் வந்து புது ஆணை போட்டார், எண் 10450. விசுவாசம் போய் 'பாதுகாப்பு' என்ற அகலமான சொல் வந்தது. குடிப்பழக்கம், தன்பாலுறவு எல்லாம் அதற்குள் அடங்கின. வானியலாளர் ஃபிராங்க் கமெனி ராணுவ வரைபடத் துறையில் வேலையிழந்தது 1957இல் இப்படித்தான். அவர் சும்மா போகவில்லை, வழக்குப் போட்டார், பிறகு தன்பாலினர் உரிமை இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரானார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

மத்திய அரசோடும் இது நிற்கவில்லை. யேல் சட்டப் பேராசிரியர் ரால்ஃப் பிரவுன் 1958இல் போட்ட கணக்குப்படி, உழைப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஏதாவதொரு விசுவாசச் சோதனைக்கு உட்பட்டிருந்தார். இண்டியானா மாநிலத்தில் குத்துச்சண்டை, மல்யுத்த வீரர்கள் உறுதிமொழி எடுத்தால்தான் மேடை ஏறலாம். நியூயார்க் நகரத்தின் நீர்த்தேக்கங்களில் தூண்டில் போடவும் உறுதிமொழி. சின்சினாட்டி பேஸ்பால் அணிக்கு 'ரெட்ஸ்' என்று பெயர், 1953இல் 'ரெட்லெக்ஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். சிவப்பு என்று சொல்லவே கூச்சம். சிரிக்கத்தான் வருகிறது.

மைலோ ராடுலோவிச்சுக்குச் சிரிப்பு வந்திருக்காது. மிச்சிகனில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த விமானப்படை ரிசர்வ் லெப்டினன்ட். 1953இல் பதவியை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று விமானப்படையே ஒத்துக்கொண்டது. அப்பாவும் அக்காவும்தான் பிரச்சினை. அப்பா படித்த செர்பிய மொழிப் பத்திரிகையும் அதில் ஒன்று. ஆதாரம் ஒட்டிய உறைக்குள் இருந்தது, உறையைத் திறந்து காட்டவில்லை. குடும்பத்தைக் கைகழுவினால் தப்பிக்கலாம் என்ற வழி இருந்தது. மாட்டேன் என்றார். அக்டோபர் 20 அன்று எட்வர்ட் மரோ தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அரைமணி நேரம் இவர் கதையைச் சொன்னார். சி.பி.எஸ். நிறுவனம் நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்க மறுத்துவிட்டதால் மரோவும் தயாரிப்பாளர் ஃபிரெண்ட்லியும் 1,500 டாலர் கைக்காசு போட்டு விளம்பரம் செய்தார்கள். ஐந்து வாரத்தில் விமானப்படை உத்தரவைத் திரும்பப் பெற்றது. மரோ கிடைக்காதவர்கள் கதி என்ன என்பது வேறு கேள்வி.

இதுவரை சொன்னது ஆட்களுக்கு நேர்ந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கட்டப்படாமல் போனவை. லாஸ் ஏஞ்சலஸில் சாவேஸ் ரவீன் என்ற மேட்டுப் பகுதி. மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். 1950இல் நகர வீட்டுவசதி ஆணையம் அவர்களுக்குக் கடிதம் அனுப்பியது: இங்கே பொதுக் குடியிருப்பு வரப்போகிறது, இடத்தைக் காலி செய்யுங்கள், புது வீடுகளில் உங்களுக்கே முதலிடம். கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நோய்ட்ரா வரைபடம் போட்டார். பெரும்பாலானவர்கள் கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

1952இல் நிலம் எடுப்பு வழக்கில் ஆணைய அதிகாரி ஃபிராங்க் வில்கின்சன் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்து, நீங்கள் எந்தெந்த அமைப்புகளில் உறுப்பினர் என்றார். வில்கின்சன் பதில் சொல்ல மறுத்தார். முடிந்தது. வேலை போனது. பொதுக் குடியிருப்பே சோஷலிசச் சதி என்று பிரச்சாரம் செய்த நாரிஸ் பவுல்சன் 1953இல் மேயரானார், திட்டம் கைவிடப்பட்டது. கடைசியாக மிச்சமிருந்த குடும்பங்களை 1959 மே மாதம் போலீஸ் தூக்கி வெளியே போட்டது. அந்த மேட்டில் இப்போது இருப்பது டாட்ஜர் பேஸ்பால் ஸ்டேடியம். 1962இல் திறந்தார்கள்.

வில்கின்சன் உண்மையிலேயே கட்சி உறுப்பினர் என்பது பின்னாளில் தெரியவந்தது. இருக்கட்டும். வீடு கட்டித் தருகிறோம் என்ற வாக்குறுதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்தக் குடும்பங்கள் கேட்டிருந்தால் யாரிடமும் பதில் இருந்திருக்காது.

மருத்துவக் காப்பீட்டிலும் இதே கதைதான். ட்ரூமன் கொண்டுவர நினைத்த தேசியக் காப்பீட்டுத் திட்டத்துக்கு எதிராக அமெரிக்க மருத்துவச் சங்கம் உறுப்பினர்களிடம் தலைக்கு 25 டாலர் வசூலித்து விளம்பர நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. அவர்கள் அச்சிட்ட பிரசுரத்தில், பொது மருத்துவம்தான் சோஷலிச அரசின் அடிப்படை என்று லெனின் சொன்னதாக ஒரு மேற்கோள் இருந்தது. காங்கிரஸ் நூலகத்தில் தேடிப் பார்த்தார்கள், லெனின் எழுத்தில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. வேடிக்கை என்னன்னா, கம்யூனிஸ்ட் வேட்டைக்கு ஆணை போட்டவரின் திட்டத்தையே கம்யூனிஸ்ட் முத்திரை குத்தித்தான் வீழ்த்தினார்கள்.

நிற்க. 'அப்படியானால் எல்லாமே பிரமையா?' என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. சோவியத் உளவு நிஜம். அணுகுண்டு ரகசியத்தைக் கிளாஸ் ஃபுக்ஸ் கொடுத்தது நிஜம். சோவியத் தந்திகளை அமெரிக்கா உடைத்துப் படித்த 'வெனோனா' ஆவணங்கள் 1995இல் வெளியானபோது, இடதுசாரிகள் பலர் அப்பாவி என்று நம்பிய ஜூலியஸ் ரோசன்பர்க் உளவாளிதான் என்று உறுதியானது. இதை மழுப்பி எழுதுவது நேர்மையில்லை. ஆனால் ஃபுக்ஸை மாட்டிவிட்டது அந்த ரகசியத் தந்திகள். செஞ்சிலுவைக் கடிதத்தைப் பற்றிய கேள்வி இல்லை. உளவாளியைத் தேடுவது ஒரு வேலை, நாட்டு மக்களின் மனதைத் துழாவுவது வேறு வேலை. இரண்டாவதைச் செய்ததால் முதலாவது நடந்ததாகத் தெரியவில்லை.

தேசப் பாதுகாப்புக்காவது லாபம் வந்ததா? சியான் சுவேசென் கலிஃபோர்னியாவில் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1950இல் கம்யூனிஸ்ட் என்று சொல்லி அனுமதிச் சீட்டைப் பிடுங்கினார்கள், ஐந்து வருடம் கண்காணிப்பில் வைத்து 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே போய் சீனாவின் ஏவுகணைத் திட்டத்தைக் கட்டியெழுப்பினார். வெளியுறவுத் துறையில் சீனாவை நேரில் அறிந்த ஜான் சர்வீஸ், ஜான் பேட்டன் டேவிஸ் போன்றவர்கள், மாவோ ஜெயிப்பார் என்று முன்கூட்டியே எழுதிய குற்றத்துக்காக விரட்டப்பட்டார்கள். டேவிஸ் பெரு நாட்டுக்குப் போய் மேசை நாற்காலி செய்து விற்றார். வியட்நாம் போரை நடத்திய மக்நமாரா 1995இல் எழுதிய நினைவுக்குறிப்பில், ஆசியாவைப் புரிந்த நிபுணர்கள் அந்தக் களையெடுப்பில் போய்விட்டதால் தங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை என்று வருந்துகிறார். முழுப் பழியையும் அதன்மேல் போடுவது அவருக்கு வசதி என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

மெக்கார்த்தியை 1954 டிசம்பரில் செனட் 67க்கு 22 என்று கண்டித்தது, 1957இல் இறந்தார். பட்டியல் அவரோடு போகவில்லை. வில்கின்சன் மேல் எஃப்.பி.ஐ. சேர்த்த கோப்பு 1,32,000 பக்கம் வரை போனது. டாம் கிளார்க்கின் பட்டியலை அதிகாரபூர்வமாக ஒழித்த ஆணை வந்தது 1974 ஜூனில். கையெழுத்துப் போட்டவர் ரிச்சர்ட் நிக்சன், பிரதிநிதிகள் சபைக் குழுவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிப் பெயர் வாங்கி அரசியலில் ஏறியவர். இரண்டு மாதத்தில் அவரும் பதவி விலகினார்.